அச்சாரம் யாரைக் கட்டுகிறது?

இவ்வாரத் தியானப் பகுதி: நெகேமியா 5:1–13, எபேசியர் 1:13–14





பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. நம் எலவனாசூர்கோட்டையிலும் சுற்றுக் கிராமங்களிலும் மலையடிவாரத்துச் சிற்றூர்களிலும் பல வீடுகளில் இந்நாட்களில் இரண்டு காகிதங்கள் ஒரே மேசைமேல் கிடக்கின்றன. ஒன்று கல்லூரி விண்ணப்பம். மற்றொன்று ரூபாய் நோட்டுக் கட்டு. போர்வெல் வண்டிக்கோ, செங்கல் சூளைக்கோ, கரும்பு வெட்டுக்கோ, மில்லுக்கோ பிள்ளையை அனுப்புவதற்காகத் தரகர் வைத்துவிட்டுப் போன முன்பணம் அது. விண்ணப்பம் பணம் கேட்கிறது. கட்டு பணம் தருகிறது. எந்தக் காகிதம் எளிதில் வெல்லும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

இவ்வாரம் நான் எழுதுவது ஆறுதல் மடல் அல்ல, வழக்கு. "முன்பணம் வந்தது, கர்த்தர் வாசலைத் திறந்தார்" என்ற சாட்சி நம் பகுதிச் சபைகளில் ஒலிக்கிறது. அந்தப் பணத்தில் தசமபாகம் எடுத்து ஸ்தோத்திரக் காணிக்கையாகப் படைப்பவர்களும் உண்டு. அந்தச் சாட்சிக்கு எதிராகவே வேதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறேன். முன்பணம் ஆசீர்வாதம் அல்ல. பெரும்பாலான வேளைகளில் அது பிள்ளையின் கழுத்தில் விழும் கயிறு. கயிறு பட்டாக இருந்தாலும் கயிறுதான்.

பெயர் ஒன்று, பொருள் இரண்டு

இளைஞன் ஒருவன் வேலைக்குப் போகுமுன்னே அவன் கையில் பெருந்தொகை வைப்பது உலகில் புதிய வழக்கம் அன்று. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக் குழுக்கள் 1965ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் இளம் ஆட்டக்காரர்களை வரிசைமுறையில் தெரிந்தெடுக்கின்றன. பள்ளியை முடித்த பதினெட்டு வயதுப் பையனும் அந்த வரிசையில் நிற்கிறான். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அதற்கென்றே ஒரு தொகை. அதைக் கையெழுத்து போனஸ் என்கிறார்கள். 2022ஆம் ஆண்டு முதல் ஆளாகத் தெரிந்தெடுக்கப்பட்ட ஜாக்சன் ஹாலிடே என்ற பள்ளி மாணவன் பெற்றது 81 லட்சம் டாலருக்கும் மேல். எல்லாருக்கும் அப்படிக் கிடைப்பதில்லை. பலருக்குச் சிறுதொகைதான். அவர்களில் பெரும்பாலோர் பெரிய மைதானங்களை எட்டாமலே திரும்புகிறார்கள்.

ஆனாலும் அந்தப் பையனுக்கு இருக்கும் சில பாதுகாப்புகளைக் கவனியுங்கள். அவன் மறுக்கலாம். மறுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போகலாம். சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் அந்த வரிசையில் நிற்கலாம். கையெழுத்துக்கு முன் ஆலோசனை சொல்ல விவரம் அறிந்தவர் உடன் இருக்கிறார். பின்னாளில் அவன் படிக்க விரும்பினால் அந்தச் செலவைத் தாங்களே ஏற்பதாகக் குழுக்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுக்கும் வழக்கமும் உண்டு. எல்லாவற்றிலும் முக்கியமானது, அந்தத் தொகை அவனுடைய ஊதியத்தில் கழிக்கப்படுவதில்லை. அது கடன் அல்ல, விலை.

நம் ஊரில் தரப்படுவது விலையைப்போல் தோன்றுகிறது, ஆனால் அது கடன். கொடுத்த நாள் முதல் அது கூலியைத் தின்னத் தொடங்குகிறது. இந்த ஒரு வேறுபாட்டை நம் வீடுகள் புரிந்துகொண்டால் பாதி வழக்கு தீர்ந்தது. அதற்காக எண்களை வைத்துப் பார்ப்போம். இவை எடுத்துக்காட்டுக்கு நான் எடுத்துக்கொண்ட தொகைகள். உங்கள் வீட்டுத் தொகையை அந்த இடங்களில் வைத்து நீங்களே கணக்கிடுங்கள்.

ஒரு பையனுக்கு முன்பணம் 60,000 ரூபாய். பத்து மாத வேலை. மாதம் 26 நாள். ஆக 260 நாள். அதே வேலைக்கு முன்பணம் வாங்காதவனுக்கு நாள் கூலி 600 ரூபாய் என்று கொள்வோம். முன்பணம் வாங்கியவனுக்கோ 350 ரூபாய்தான் எழுதப்படுகிறது. வாங்கியவன் பேரம் பேச முடியாது. 260 நாளுக்கு 91,000 ரூபாய். வாரச் செலவுக்கு ஆயிரம் வீதம் பத்து மாதத்தில் 43,000 ரூபாய் கொடுத்தார்கள். மீதி 48,000. வாங்கியதோ 60,000. ஆகவே பத்து மாதம் உழைத்துவிட்டு 12,000 ரூபாய் கடனோடு பிள்ளை வீடு திரும்புகிறான். அடுத்த பருவத்துக்கும் அவன் அங்கேதான் போகவேண்டும்.

முழுக்கூலி கிடைத்திருந்தால்? 1,56,000 ரூபாய். அதே வாரச் செலவையும் அதே முன்பணத்தையும் கழித்தாலும் 53,000 ரூபாய் கையில் நின்றிருக்கும். இரண்டுக்கும் இடையே 65,000 ரூபாய். அறுபதாயிரம் ரூபாய்க் கடனுக்குப் பத்து மாத வட்டி அறுபத்தைந்தாயிரம்! கந்துவட்டிக்காரன் இந்த வட்டி கேட்டால் ஊரே திரளும். தரகர் கேட்காமலே எடுத்துக்கொள்கிறார். நாம் அவருக்குக் காப்பி கொடுத்து வழியனுப்புகிறோம்.

வேதம் சொல்லும் அச்சாரம்

"அச்சாரம்" என்ற சொல் சந்தையில் மட்டும் வழங்கும் சொல் அன்று. அது நம் வேதாகமத்திலும் இருக்கிறது. பரிசுத்த ஆவியானவரை நம் சுதந்தரத்தின் அச்சாரம் என்று எபேசியருக்கு எழுதுகிறார் பவுல். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலும் இருமுறை அதே சொல். மூலமொழியில் அது அர்ரபோன். கிரேக்கர்கள் இதைச் செமித்திய மொழிபேசும் வணிகர்களிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். ஆதியாகமம் 38இல் யூதா தன் முத்திரையையும் கயிற்றையும் கோலையும் தாமாரிடம் ஈடாக விட்டுச் சென்றபோது, எபிரெய மூலத்தில் வருவதும் அதே வேர்ச்சொல்தான்.

அந்த நிகழ்ச்சியில் ஈடு யாரைக் கட்டியது? கொடுத்த யூதாவை. தாமாரைத் தண்டிக்க எழுந்தவன், தன் கோலையும் முத்திரையையும் கண்டதும் தன் வாய்ச்சொல்லை விழுங்கவேண்டியதாயிற்று. அச்சாரத்தின் இயல்பு அதுதான். மீதியைத் தருவேன் என்று கொடுத்தவன் தன்னைத்தானே கட்டிக்கொள்கிறான். தேவன் தம் ஆவியை நமக்குத் தந்தபோது தம்மையே கட்டிக்கொண்டார். வாங்கிய நாம் விடுதலையானோம்.

தரகரின் அச்சாரம் இதைத் தலைகீழாக்குகிறது. கொடுத்தவன் எதற்கும் கட்டுப்படுவதில்லை. கூலியைக் குறைக்கலாம், வேலையைக் கூட்டலாம், ஊர்மாற்றி அனுப்பலாம். வாங்கியவன் மட்டும் கட்டுண்டான். தேவன் செய்ததற்கு நேர் எதிரானதைத் தேவன் செய்த நன்மை என்று எப்படிச் சாட்சி சொல்வது? நம் மீட்பின் பெயரையே அந்தக் கட்டுக்குச் சூட்டலாமா?

சோதோமின் ராஜா ஆபிராமுக்குப் பொருள்களை அள்ளிக்கொடுக்க வந்தபோது, ஒரு நூலையும் ஒரு பாதரட்சையின் வாரையும்கூட அவர் தொடவில்லை. தன்னை ஐசுவரியவானாக்கியது நானே என்று அந்த ராஜா நாளை சொல்லிவிடக்கூடாது என்பதே காரணம். சில பணத்தை மறுப்பதும் விசுவாசமே. ஏசாவோ பசிக்கும் வேளையில் கிண்ணத்தை மட்டும் பார்த்தான். அவன் வாங்கியது கூழ், எழுதிக்கொடுத்தது எதிர்காலம். யூதாஸ்காரியோத்தும் வேலைக்கு முன்னே எண்ணி வாங்கினான் என்பதை மத்தேயு 26இல் வாசிக்கிறோம். கையில் வெள்ளி விழுந்த நேரமுதல் தருணம் தேடுவதே அவன் வேலையாயிற்று.

எதிர்ப்பேச்சுகள்

"ஐயரே, வயிற்றுக்கு இல்லாதவனிடம் வேதம் பேசுகிறீர்" என்பீர்கள். நியாயமான கேள்வி. வேதமும் அந்தக் கேள்வியை அறிந்தே இருக்கிறது. இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் நான்காம் அதிகாரத்தில் ஒரு விதவை எலிசாவினிடம் அழுகிறாள். கணவன் தெய்வபக்தியுள்ளவன், ஆனாலும் கடன் வைத்துவிட்டு இறந்தான், கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்துவிட்டான். எலிசா அவளைப் பார்த்துப் பொறுமையாய் இரு என்று சொல்லிவிட்டு நகரவில்லை. பிள்ளைகளை அனுப்பு, சில ஆண்டில் திரும்புவார்கள் என்றும் சொல்லவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அயல்வீட்டாரிடமெல்லாம் வெறும் பாத்திரங்களை வாங்கச் சொன்னார். எண்ணெயைப் பெருகச்செய்தவர் கர்த்தர். பாத்திரம் கொடுத்தவர்களோ தெருவார். அந்தத் தெருவில் ஒருவரும் பாத்திரம் தராமல் கதவை அடைத்திருந்தால்? என் வழக்கில் இரண்டாம் பிரதிவாதி அந்த அடைத்த கதவுதான். அதற்குப் பின்னர் வருகிறேன்.

"வாங்கிய கடனைத் திருப்பவேண்டாமா? அதுவும் வேதந்தானே?" என்பீர்கள். ஆம், கடன் வாங்கித் திருப்பாதவனை வேதம் துன்மார்க்கன் என்கிறது. ஆனால் கொடுப்பவனுக்கும் எல்லை வகுத்திருக்கிறது. உபாகமம் 24இன்படி கடன் கொடுத்தவன் அடகு வாங்க வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்கவேண்டும். மாவரைக்கும் கல்லை அடகாக வாங்கக்கூடாது, அது ஒருவனின் பிழைப்பு. ஏழைக் கூலியாளின் கூலியை அன்றைய பொழுது சாயுமுன் கொடுத்துவிடவேண்டும். திரிகைக்கல்லையே அடகாக வாங்கக்கூடாதென்றால், அதைச் சுற்றும் கைகளை அடகாக வாங்கலாமா?

"எங்கள் பிள்ளை, எங்கள் முடிவு" என்பீர்கள். சங்கீதம் 127 பிள்ளைகளைக் கர்த்தருடையவர்கள் என்கிறது. அவருடையதை நீங்கள் வளர்க்கலாம், திருத்தலாம். அவரைக் கேளாமல் அடகுவைக்க உங்களுக்குப் பத்திரம் இல்லை.

"பையன் படிப்பில் மந்தம், விலை போகமாட்டான்" என்று பெற்றோரே பிள்ளை காதுபடச் சொல்வதும் உண்டு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜனை நீங்கள் அறிவீர்கள். 2017ஆம் ஆண்டு ஐபிஎல் ஏலத்தில் அவர் பெயருக்கு 3 கோடி ரூபாய். மறு ஆண்டு 40 லட்சம். 2025ஆம் ஆண்டுப் பருவத்துக்கான ஏலத்தில் 10 கோடியே 75 லட்சம். 2018இல் அந்த மனிதர் சிறுத்துப்போனாரா? இல்லை. சந்தை ஒரு நாள் ஒரு விலை சொல்லும், மறுநாள் வேறு சொல்லும். உங்கள் மகனின் மதிப்பைத் தரகரின் வாயில் தேடாதீர்கள். கிரயத்துக்குக் கொள்ளப்பட்டவர்கள் நீங்கள், ஆகவே மனுஷருக்கு அடிமைகளாகாதிருங்கள் என்ற பொருளில் பவுல் கொரிந்தியருக்குச் சொன்னது இவ்வளவுதான்: உன் விலை ஏற்கெனவே செலுத்தப்பட்டாயிற்று. மறுபடியும் ஏலத்தில் நிற்காதே.

மலை சொல்லும் சாட்சி

இந்தப் பகுதியில் வாழும் நாம் இதை ஏட்டில் படிக்கவேண்டியதில்லை. மேற்கே தெரிகிற கல்வராயன் மலை தலைமுறை தலைமுறையாக ஜாகீர்தார்களின் கீழ் இருந்தது. மலையாளி மக்கள் தங்கள் சொந்த மலையிலே கூலியில்லா வேலை செய்தார்கள். எழுபதுகளின் நடுவிலேதான் அந்த ஆட்சி முடிவுக்கு வந்தது. அதைக் கண்ணால் கண்ட முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜாகீர் போயிற்று. முன்பணம் அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

அதன் கொடிய முகத்தை நாம் பார்த்திருக்கிறோம். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினரால் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். திருவண்ணாமலை, தருமபுரி முதலிய நம் அண்டை மாவட்டங்களின் மலைவாழ் கூலியாட்களே அவர்களில் மிகுதி. 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து பேரின் உடல்கள் கிடைத்தன. அவர்கள் சேலம் பக்கத்துக் கல்வராயன் மலையினர். மரத்தை வாங்கி விற்றுச் செழித்த முதலாளி ஒருவனும் அந்தக் காட்டில் இல்லை, அந்த ஏரியிலும் இல்லை. முன்பணம் வாங்கியவன் காட்டுக்குள் போகிறான். கொடுத்தவன் நகரத்தில் கணக்கு எழுதுகிறான்.

"நாங்கள் செம்மரத்துக்கா அனுப்புகிறோம்? மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கும் கச்சிராயபாளையம் ஆலைக்கும் கரும்பு வெட்டத்தானே" என்பீர்கள். உண்மை. கரும்பு வெட்டுவது கண்ணியமான உழைப்பு. கூடாரத் தொழில் செய்து பிழைத்த பவுலின் சீடர்கள் நாம், எந்த உழைப்பையும் இழிவாகப் பேசமாட்டோம். ஆனால் எந்த வேலைக்கு என்று சொல்லாமலே பணத்தை நீட்டும் தரகரும் ஊரில் இருக்கிறார். வாங்கிய பின் பிள்ளை எந்த லாரியில் ஏற்றப்படுவான் என்பது உங்கள் கையில் இல்லை.

சட்டமும் நம் பக்கம்

1975ஆம் ஆண்டு அக்டோபரில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் அவசரச் சட்டம் பிறந்தது. 1976இல் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. அதே 1975 டிசம்பரில்தான் அமெரிக்க பேஸ்பாலில், ஆட்டக்காரனை ஒரே குழுவுக்குக் காலமெல்லாம் கட்டிவைத்த பழைய விதியை ஒரு நடுவரின் தீர்ப்பு உடைத்தது. கர்ட் பிளட் என்ற ஆட்டக்காரர், தன்னைக் கேளாமல் வேறு குழுவுக்குக் கைமாற்றியதை ஏற்காமல், தான் வாங்கி விற்கும் பொருள் அல்ல என்று 1970இல் வழக்குத் தொடுத்திருந்தார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவர் தோற்ற மூன்றே ஆண்டில் விதி தோற்றது. அங்கே ஆட்டக்காரன், இங்கே கூலியாள். ஒருவனுக்கு இலட்சங்கள், மற்றவனுக்கு ஆயிரங்கள். ஆனால் "நீ போக முடியாது" என்ற சொல் இருவருக்கும் ஒன்றே.

நம் சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பணத்தின் காரணமாக ஒருவன் கூலியின்றியோ பெயரளவுக் கூலிக்கோ வேலை செய்தால் அது கொத்தடிமை. வேறு வேலைக்குப் போகும் உரிமையை, விரும்பிய இடத்துக்கு நடமாடும் உரிமையை இழந்தாலும் அது கொத்தடிமை. அந்தக் கடன் சட்டத்தின் முன் செல்லாது. திருப்பித்தரும் கடமையே அற்றுப்போகிறது. அற்றுப்போன கடனுக்காகப் பணம் வாங்குவதும் குற்றம். கொத்தடிமை வேலை வாங்குகிறவனுக்கு மூன்று ஆண்டு வரை சிறை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீட்கப்படுகிறவர்களுக்கு மறுவாழ்வு உதவியும் உண்டு. ஆட்சியரிடமும் கோட்டாட்சியரிடமும் முறையிடலாம். பயப்படுகிறவர்களோடு நான் வருகிறேன்.

பொறியியல் முடித்து நகரத்து நிறுவனங்களில் சேரும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். உங்களுக்கு வருவது முன்பணம் அல்ல, ஜாயினிங் போனஸ். கூடவே "பாண்டு" என்ற ஒப்பந்தம். ஆண்டு முடியுமுன் விலகினால் பணத்தைத் திருப்பவேண்டும் என்று சிறு எழுத்தில் இருக்கும். 2025ஆம் ஆண்டு மே மாதம், பணிக்காலம் முடியாமல் விலகிய வங்கி அதிகாரி ஒருவர் 2 லட்ச ரூபாய் செலுத்தவேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே வாசியாமல் கையெழுத்திடாதீர்கள். கொத்தடிமைக் கடனைச் சட்டம் அழிக்கும். படித்தவன் கண்திறந்து இட்ட கையெழுத்தைக் காக்கவே செய்யும்.

யார் என்ன செய்யவேண்டும்

எல்லா முன்பணமும் பாவம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனைக் கட்டணத்துக்கு முதலாளியிடம் ஒரு மாதச் சம்பளத்தை முன்னதாக வாங்குகிறவனை நான் குற்றஞ்சாட்டேன். கட்டுகிற முன்பணம் எது, உதவுகிற முன்பணம் எது என்று அறிய ஐந்து கேள்விகள் போதும். முன்பணம் வாங்காதவனுக்குக் கிடைக்கும் அதே கூலி எனக்கும் உண்டா? நடுவில் விலகினால், மீதியை மட்டும் கட்டிவிட்டு வர முடியுமா? கூலிக் கணக்கு என் கையிலும் இருக்குமா? ஆதார் அட்டையும் சான்றிதழும் என்னிடமே இருக்குமா? வேலை எந்த ஊரில், யாரிடம் என்று எழுதித் தருவார்களா? ஒன்றுக்கு இல்லை என்ற பதில் வந்தாலும் பணத்தைத் தொடாதீர்கள்.

இளைஞர்களே, முடிவெடுக்கவேண்டியவர்கள் நீங்களே. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடும் உண்டு. ஐடிஐயும் பாலிடெக்னிக்கும் அரசுக் கலைக் கல்லூரியும் இருக்கின்றன. மாதம் ஆயிரம் என்பது அறுபதாயிரத்துக்கு முன் சிறிதாய்த் தெரியும். ஆனால் அதற்காக உங்களை ஒருவரும் லாரியில் ஏற்றமாட்டார்கள். பேஸ்பால் வரிசையில் நிற்கும் பையனுக்கு இருக்கிற உரிமை உங்களுக்கும் வேண்டும்: இப்போது வேண்டாம், படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லும் உரிமை.

பெற்றோரே, உங்கள் மகன் சம்பாதிக்கட்டும், வேண்டாம் என்பதல்ல. உழைத்த பின் அவன் கையில் வரும் பணத்தில் உண்ணுங்கள். அவன் உழைக்குமுன் அவனை விற்ற பணத்தில் உண்ணாதீர்கள். வீட்டுக் கடன் உங்களுடையது. அதை அவன் முதுகில் ஏற்றுமுன் சபைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நம் சபைகளிலும் தரகு செய்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். நெகேமியாவின் நாளில் அடகு வாங்கியவர்களும் ஜெபிக்கிறவர்களே. அவர்கள் மதிலும் கட்டினார்கள், தங்கள் சகோதரரின் பிள்ளைகளை அடிமைகளாகவும் வைத்திருந்தார்கள். நெகேமியா கோபங்கொண்டார். சபையைக் கூட்டினார். இன்றே திருப்பிக்கொடுங்கள் என்றார். கொடுப்போம் என்று அவர்கள் வாக்குரைத்தபின்தான் ஆமென் ஒலித்தது. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று நீங்கள் வாங்கும் தரகை உண்டியலில் போட்டுச் சுத்திகரிக்க முடியாது. நாகமானிடம் பின்னால் ஓடி வெள்ளி வாங்கிய கேயாசியின் வீட்டில் வெள்ளி தங்கவில்லை, குஷ்டம்தான் தங்கியது.

கடைசியாக, அந்த அடைத்த கதவுக்கு வருகிறேன். தரகர் ஒரு வீட்டுக்குள் நுழைவது அந்த வீட்டுக்குப் பணம் தேவைப்படும் அதே வாரத்தில். நாம் நுழைவது அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கை கேட்கும் வாரத்தில். ஜூன் மாதத்தில் சேர்க்கைக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் ஒன்றாய்க் கேட்கும்போது, நோட்டுக் கட்டோடு வாசலில் நிற்பவர் தரகர் மட்டுமே என்றால், குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு. ஆகவே சபைக் கமிட்டியின் முன் மூன்று காரியங்களை வைக்கிறேன். முதலாவது, இனி முன்பணத்துக்கு ஸ்தோத்திர அறிவிப்பு இல்லை; அதிலிருந்து தசமபாகமும் வேண்டாம். இரண்டாவது, இவ்வாண்டு அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கை வட்டியில்லாக் கல்விக் கடனாக ஒதுக்குவோம். ஜாமீன் கேட்கவேண்டாம், பெயரை அறிவிக்கவும் வேண்டாம். மூன்றாவது, சபையில் உள்ள ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஒரு மணி நேரம் அமர்ந்து விண்ணப்பங்களை நிரப்பித்தரட்டும். எந்த ஒப்பந்தத்தையும் கையெழுத்துக்கு முன் வாசித்துச் சொல்லட்டும். இவை பெரிய காரியங்கள் அல்ல, வெறும் பாத்திரங்கள். எண்ணெய் ஊற்றுகிறவர் கர்த்தர்.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் மேசைமேல் அந்த இரண்டு காகிதங்களும் கிடந்தால், நோட்டுக் கட்டைப் பிரிக்காமல் வையுங்கள். பிரித்துச் செலவழித்த கட்டைத் திருப்பித் தருவது கடினம். பிரிக்காததை ஒரே வார்த்தையில் திருப்பலாம். அந்த வார்த்தையைச் சொல்லத் தயக்கமாயிருந்தால் என்னை அழையுங்கள். தரகர் திரும்பி வரும்போது நான் உங்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன்.

ஜெபிப்போம்: எங்களை விலைகொடுத்து மீட்ட ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளை எவரும் விலைபேசாதபடி காத்தருளும். தேவையில் இருக்கும் வீடுகளின் வாசலுக்குத் தரகருக்கு முன்னே எங்களை அனுப்பும். கட்டுண்டு தொலைவிலிருக்கும் எங்கள் பிள்ளைகளைச் சுகமாய்த் திரும்பிவரச் செய்யும். உம் ஆவியென்னும் அச்சாரத்தைப் பெற்ற நாங்கள் வேறெந்த அச்சாரத்துக்கும் தலைவணங்காதிருக்கப் பெலன் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் போதகர்